பிடித்த நாவல் படமாகும்போது ரசிகர்கள் ஏன் பயப்படுகிறார்கள்?

ஆசையும் பயமும் சேர்ந்தேதான் வருகின்றன. பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியது, ஐந்து பாகங்கள். 2022, 2023இல் வந்த மணிரத்னத்தின் இரண்டு படங்களும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம்தான். எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த வெட்டு நமக்குப் பிடித்த ஆள்மேல் விழுந்துவிடுமோ என்பதுதான் பயம்.

என் அம்மாவுக்கு விழுந்தது. சிங்கப்பூரில் ஈசூன் தியேட்டரில் இரண்டாம் படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. "மணிமேகலை வரவே இல்லையே" என்றார். நாவலின் முடிவில் நாயகன் வந்தியத்தேவன் மடியில் உயிர்விடும் பெண் அவள். எம்ஆர்டி ரயிலில் வீடு வரும்வரை அந்தக் கடைசி அத்தியாயத்தை அம்மா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்புறம், முகங்கள். தொடர் வந்தபோதே ஓவியர் மணியம் வரைந்த குந்தவையும் நந்தினியும் பலர் மனதில் பதிந்துவிட்டார்கள். எந்த நடிகைக்கும் அது கஷ்டமான போட்டி.

ஆசைக்கும் காரணம் இருக்கிறது. பள்ளியோடு தமிழை விட்ட என் அக்கா மகள், படம் பார்த்த பிறகு நூலகத்தில் முதல் பாகத்தை எடுத்து வந்தாள். கதை தொடங்கும் வீரநாராயண ஏரிக்கரையைத் தாண்டவே அவளுக்கு இரண்டு வாரம் ஆனது. இப்போது கதையில் கடம்பூர் மாளிகையில் இருக்கிறாள்.