மிலிட்டரி கேம்ப்லயே துப்பாக்கிச் சூடு நடக்குதே, உள்ள இருக்கற வீரர்கள் எல்லார்கிட்டயும் துப்பாக்கி இருக்காதா?

இருக்காதுங்க. இருக்கக்கூடாதுன்னுதான் அந்த சிஸ்டமே.

கேள்விக்குக் கீழ நீங்க எழுதியிருக்கறதப் பார்த்தேன். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஃபோர்ட் ஸ்டூவர்ட்ங்கற ராணுவ முகாம்ல ஒரு சார்ஜென்ட் சொந்த கைத்துப்பாக்கியால 5 பேரை சுட்டாரு, மத்தவங்க கையில துப்பாக்கி இல்லாததாலதான் இது நடந்துச்சுன்னு பேசறாங்க, நம்ம நீலகிரி வெலிங்டன் ராணுவ கன்டோன்மென்ட்லயும் இதே கதைதானா, கேட்டை இன்னும் டைட் பண்ணணுமான்னு கேட்டிருக்கீங்க. நான் அதுக்குப் பக்கத்துல அருவங்காட்டுக்காரன், அப்பா இங்க இருக்கற கார்டைட் பேக்டரியில, அதாவது வெடிமருந்துத் தொழிற்சாலையில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு, பெரியப்பா வெலிங்டன்ல இருக்கற எம்ஆர்சியில, அதாவது மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர்ல ஹவில்தாரா இருந்தவரு, அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல அந்த ஃபோர்ட் ஸ்டூவர்ட் ஆளை மடக்கினது யாருன்னு பாருங்க, கையில ஒண்ணுமே இல்லாத கூட இருந்த சோல்ஜர்ஸ்தான், பாய்ஞ்சு அமுக்கிட்டாங்க, அதுக்காக அவங்களுக்கு மெடலும் குடுத்தாங்க. இதை மட்டும் டிவி விவாதத்துல யாரும் சொல்ல மாட்டாங்க.

எல்லாருக்கும் துப்பாக்கி குடுங்கங்கற பேச்சு அங்க ரொம்ப வருஷமா ஓடுது. 2009 நவம்பர்ல ஃபோர்ட் ஹூட் முகாம்ல ஒரு மேஜர், அதுவும் மனநல டாக்டர், 13 பேரைக் கொன்னப்போ இது பெருசா கிளம்புச்சு. அதிபரா இருந்த கிளிண்டன்தான் ராணுவத் தளத்துக்குள்ள துப்பாக்கிக்குத் தடை போட்டாருன்னு அப்போ வாட்ஸ்அப் யுனிவர்சிட்டி இல்லாத காலத்துலயே பரப்பினாங்க, ஆனா அந்த நாட்டு பாதுகாப்புத் துறையோட அந்த உத்தரவு வந்தது 1992 பிப்ரவரியில, சீனியர் புஷ் அதிபரா இருந்தப்போ. அப்புறம் 2016 நவம்பர்ல ரூலைத் திருத்தி, கமாண்டர் அனுமதிச்சா சொந்தத் துப்பாக்கி வெச்சுக்கலாம்னு ஆக்கிட்டாங்க. துப்பாக்கி வெச்சிருந்தா தடுத்திருக்கலாம்னு சொல்றவங்க 2013 வாஷிங்டன் நேவி யார்டு (கடற்படை வளாகம்) கேஸைப் படிக்கணும். 12 பேர் செத்தாங்க, சுட்டவன் அங்க வேலை பார்த்த கான்ட்ராக்ட் ஆளு, ஒரிஜினல் பாஸைக் காட்டி கேட் வழியாவே போனவன், உள்ள காவலுக்கு இருந்தவரைக் கொன்னுட்டு அவரோட பிஸ்டலையே எடுத்துக்கிட்டான். அதுக்கு முந்தின மாசம்தான் யாரோ பேசற குரல் கேக்குதுன்னு போலீஸ்கிட்டயே சொல்லியிருக்கான். 2019ல பென்சகோலா கடற்படை விமானத் தளத்துல 3 பேரை சுட்டுக் கொன்னது அங்கயே டிரெய்னிங்குக்கு வந்த சவுதி விமானப்படை ஆளு. இதுல ஒருத்தனாவது சுவர் ஏறிக் குதிச்சு வந்தானா?

நம்ம நாட்டுக் கதையும் அப்படித்தான். 2023 ஏப்ரல் 12, பஞ்சாப் பட்டிண்டா மிலிட்டரி ஸ்டேஷன்ல தூங்கிட்டிருந்த 4 ஜவான்களை சுட்டுக் கொன்னுட்டாங்க, அதுல 2 பேரு நம்ம தமிழ்நாட்டுப் பசங்க. ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடியே ஒரு இன்சாஸ் ரைஃபிளும் 28 ரவுண்டு தோட்டாவும் காணாமப் போயிருந்துச்சு. குர்தா பைஜாமா போட்டு முகத்தை மூடிக்கிட்டு ரெண்டு பேரு வந்தாங்கன்னு நேர்ல பார்த்த சாட்சியா ஒருத்தர் சொன்னாரு, ஊரே டெரரிஸ்ட்டுன்னு பேசுச்சு, கடைசியில அந்த சாட்சியையே அரெஸ்ட் பண்ணினாங்க, சொந்தப் பகைன்னு போலீஸ் சொன்னாங்க. இன்னும் பக்கத்துல வேணும்னா கல்பாக்கம், 2014 அக்டோபர், சிஐஎஸ்எஃப் (மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை) ஏட்டு ஒருத்தர் டியூட்டி துப்பாக்கியாலயே கூட இருந்த 3 பேரை சுட்டுக் கொன்னாரு.

நான் சொல்ல வர்றது இதுதான், இந்த மாதிரி கேஸ்ல கேட்டுல எத்தனை பேரு நின்னாலும் பிரயோஜனம் கம்மி, உள்ள துப்பாக்கியும் குண்டும் எங்க இருக்கு, யார் கணக்கு வெச்சிருக்காங்கங்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு.

பெரியப்பா சொல்லுவாரு, ஆயுதம் வைக்கிற கோத்ல ரைஃபிள் எல்லாம் வரிசையா ரேக்குல சங்கிலி கோர்த்துப் பூட்டியிருக்கும், தோட்டா வேற இடத்துல, சாவி வேற இடத்துல. எடுக்கணும்னா ரிஜிஸ்டர்ல பட் நம்பர், அதாவது துப்பாக்கிக் கட்டையில இருக்கற நம்பரை எழுதிக் கையெழுத்து போடணும், சாயங்காலம் கணக்கு சரியா வரணும். ஃபயரிங்ல சுட்டு முடிச்ச காலி கேஸ், அதாவது வெறும் தோட்டாக் கூடு இருக்கு பாருங்க, அதையும் எண்ணித் திருப்பிக் குடுக்கணும். ஒரு தடவ ஒரே ஒரு காலி கேஸ் குறைஞ்சுபோயி மழை தூறல்ல, மிஸ்ட்டு வேற, மொத்த பிளட்டூனும் முட்டி போட்டு புல்லை விரலால கோதிக் கோதித் தேடினாங்களாம், கிடைக்கற வரைக்கும் டீ கிடையாது, சாப்பாடு கிடையாது. ஒவ்வொருத்தனும் கிளம்பறதுக்கு முன்னாடி என்கிட்ட ரவுண்டும் இல்ல, காலி கேஸும் இல்லன்னு சத்தமா சொல்லணும். பட்டிண்டாவுல ரைஃபிளும் ரவுண்டும் காணோம்னு டிவியில வந்த அன்னிக்கு பெரியப்பா வேற எதுவுமே கேக்கல, "கோத் என்சிஓ யாருடா?"ன்னு, அதாவது அந்த ஆயுத அறைக்குப் பொறுப்பு யாருன்னு மட்டும்தான் கேட்டாரு.

எப்பவும் லோடு பண்ணின ஆயுதத்தோட நிக்கறது குவார்ட்டர் கார்டு (யூனிட்டோட முக்கியக் காவல்), சென்ட்ரி, அந்தந்த டியூட்டி ஆளுங்க மட்டும்தான். பாராசூட்ல குதிக்கறவரா இருந்தாலும் கேன்டீனுக்கு வெறுங்கையோடதான் வருவாரு. இதை பலவீனம்னு நினைக்காதீங்க, ஆயிரக்கணக்கான இளவட்டங்க சேர்ந்து தங்கற இடத்துல, கோபம் குடி குடும்பப் பிரச்சனை எல்லாம் இருக்கற இடத்துல, எல்லார் இடுப்புலயும் துப்பாக்கி இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க.

இதுக்காக சுவரே வேண்டாம்னு சொல்லல. 2016 ஜனவரியில பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள்ள வந்தவங்க வெளி ஆளுங்கதான், அதுக்கப்புறம்தான் லெப்டினன்ட் ஜெனரல் கம்போஸ் தலைமையில கமிட்டி போட்டு எல்லா ராணுவ இடத்தையும் பார்த்தாங்க. அது வேற நோய், இது வேற நோய், நம்ம ஆளுங்க ரெண்டுக்கும் ஒரே மாத்திரையக் குடுக்கப் பாக்கறாங்க, அதாவது ரோட்டை மூடு.

வெலிங்டன் வந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், அது நாலு பக்கமும் மதில் வெச்ச கோட்டை கிடையாது. பஜார் இருக்கு, மலை ரயில் நிக்குது, பேரக்ஸ் பக்கமே ஸ்கூல் பசங்க நடந்து போவாங்க. கன்டோன்மென்ட்னாலே ராணுவமும் ஜனங்களும் சேர்ந்து இருக்கற இடம்தான். நாட்டுல எங்கயாவது ஏதாவது நடந்தா எங்க பக்கம் தெரியற மொத மாற்றம் சிலிண்டர் போடற பையனை ஆதார் காட்டச் சொல்றதுதான், வருஷக்கணக்கா அதே ஆளு அதே வண்டி. பல ஊர் கன்டோன்மென்ட்ல இப்படி ரோட்டை இஷ்டத்துக்கு மூடி, கேஸ், போராட்டம்னு போயி, 2018 மே மாசம் டிபன்ஸ் மினிஸ்ட்ரியே தலையிட்டுத் திறக்கச் சொல்லுச்சு. 2006 கன்டோன்மென்ட் சட்டத்துலயே தெருவை மூடறதுக்குன்னு முறை இருக்கு, ஜனங்களுக்கு நோட்டீஸ் குடுத்துக் கருத்துக் கேக்கணும்.

சுத்தி இருக்கற ஜனங்களை சந்தேகமாவே பாக்கறது எனக்கு எரிச்சலா இருக்கும். 2021 டிசம்பர் 8 அன்னிக்கு ஜெனரல் பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்துல விழுந்தப்போ மொதல்ல ஓடினது யாரு, அந்த ஊர்க்காரங்கதான், வீட்டுல இருந்த கம்பளியத் தூக்கிட்டுப் போயி அதுலயே காயம்பட்டவங்களைத் தூக்குனாங்க. அப்புறம் ராணுவமே வந்து நன்றி சொல்லி ஊரையே தத்து எடுத்துக்கிச்சு.

சரி, கடைசியா ஊட்டி டூர் வர்றப்போ பயப்படணுமான்னு கேட்டிருந்தீங்க. ஒண்ணும் இல்ல, தாராளமா வாங்க. கார்டைட் பேக்டரி பக்கம் மட்டும் காரை ஓரங்கட்டி போட்டோ எடுக்காதீங்க, டிரோன் ஆசையே வேண்டாம். காவலுக்கு இருக்கற டிஎஸ்சி (டிபன்ஸ் செக்யூரிட்டி கார்ப்ஸ்) ஆளுங்க முக்காவாசி ஏற்கனவே ஆர்மியில சர்வீஸ் முடிச்சுட்டு வந்த பெருசுங்க, பொறுமையாத்தான் சொல்லுவாங்க. டெலிட் பண்ணுங்கன்னா பண்ணிட்டுக் கிளம்புங்க, அங்க நின்னு ரூல்ஸ் பேசாதீங்க, பின்னாடி பஸ்ஸு நிக்கும்.