வராமல் போன 13 பேர்

அன்புள்ள சார்,

மருத்துவ உளவியலில் ஆய்வு செய்கிறேன். மனச்சோர்வுக்குச் சிகிச்சை தொடங்கிய 40 பேரிடம் நாலு வாரத்துக்கு ஒருமுறை வினாத்தாள் கொடுத்து மதிப்பெண் எடுத்தேன். 12ஆம் வாரத்தில் 27 பேர்தான் மிஞ்சினார்கள். அவர்களுக்கு மதிப்பெண் நன்றாகக் குறைந்திருக்கிறது, அதாவது சோர்வு தணிந்திருக்கிறது. முன்-பின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையில் பி மதிப்பும் வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே வந்துவிட்டது. வழிகாட்டியோ 'உயர்நிலைப் புள்ளியியல் படித்துவிட்டு வா' என்கிறார். எதிலிருந்து ஆரம்பிக்க?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மென்பொருளிலிருந்து வேண்டாம். வராமல் போன அந்த 13 பேரிடமிருந்து ஆரம்பியுங்கள்.

குணமாகிவிட்டது என்று நின்றிருக்கலாம், பலனில்லை என்று வெறுத்துப் போயிருக்கலாம். உங்கள் டி-சோதனைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆளே கணக்கில் இல்லை. மிக்ஸ்டு மாடல் என்று பயமுறுத்துகிறார்களே, ஒவ்வொருவரிடமும் கிடைத்த அளவீடுகளையெல்லாம் ஒரே கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை, அது 4ஆம் வாரத்தோடு நின்றவரின் மதிப்பெண்ணையும் சேர்த்துக்கொள்ளும். அதைப் படிக்க இந்த ஒரு காரணமே போதும். ஆனால் அதுவும் ஒன்றை நம்பித்தான் ஓடுகிறது: ஒருவர் ஏன் விட்டுப்போனார் என்பது ஏற்கெனவே பதிவான தகவல்களிலேயே அடங்கியிருக்கிறது என்று. கடைசியாக வந்துபோன பிறகு நிலைமை மோசமாகி, அதனாலேயே வராமல் இருந்தவரை அது அறியாது. நெறிக்குழு அனுமதித்தால் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், அந்த 27 பேர் தேறியது சிகிச்சையால்தானா? மிக மோசமாக இருக்கும்போதுதான் மனிதர்கள் உதவி தேடி வருகிறார்கள். கொஞ்ச நாள் கழித்து அளந்தால் சும்மாவே சற்று இறங்கியிருக்கும். 1952இல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க், நியூரோசிஸ் (பதற்றம், சோர்வு போன்ற மனத்தொல்லைகள்) உள்ளவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் உளவழிச் சிகிச்சை இல்லாமலே இரண்டு வருடத்தில் தேறிவிடுகிறார்கள் என்று எழுதித் துறையையே சீண்டினார். அவர் கணக்கில் ஓட்டைகள் உண்டு, கேள்வி மட்டும் நியாயமானது. உங்களிடம் சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை. எந்த மாடலும் அதை உண்டாக்கித் தராது. ஆய்வேட்டில் அதை ஒளிக்காமல் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, சராசரியோடு நிற்காதீர்கள். 1991இல் உளவியலாளர்கள் ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் தந்த 'நம்பகமான மாற்றம்' கணக்கை ஆளுக்கு ஆள் போடலாம். ஒன்றிலிருந்து வினாத்தாளின் நம்பகத்தன்மையை (மதிப்பெண் எவ்வளவு நிலையானது என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்) கழித்து, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். அதைத் திட்ட விலக்கத்தாலும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 1.96ஆலும் பெருக்குங்கள். நம்பகத்தன்மை 0.85, விலக்கம் 8 என்றால் 8.6 வரும். அதற்கு மேல் இறங்கினால்தான் நம்பகமான மாற்றம். ஆறு புள்ளி இறங்கியவர் உண்மையிலேயே மாறினாரா, வினாத்தாளின் தடுமாற்றமா என்று அப்போது சொல்ல முடியாது. உங்கள் 27 பேரில் எத்தனை பேர் அந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள்? எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.