மொட்டை மாடித் தோட்டமும் லைப்ரரி பீரியடும்

கேள்வி: மேடம், நான் சென்னையில ஒரு ஸ்கூல்ல ஒன்பதாவதுக்கும் பதினொன்னாவதுக்கும் கிளாஸ் எடுக்கறேன். பாடப்புத்தகம் தவிர வேற எதையும் பசங்க தொடறதே இல்ல. மொட்டை மாடியில தோட்டம் போட ஹெச்.எம். சம்மதிச்சிட்டாங்க. லைப்ரரி பீரியடையும் அதோட சேர்த்துக்கலாமா?
– ஓர் ஆசிரியை, வியாசர்பாடி

பதில்: தாராளமா சேருங்க டீச்சர். ஆனா புத்தகத்தைக் கொடுத்துட்டு அப்புறம் செடிகிட்ட கூட்டிட்டுப் போகாதீங்க. செடியைப் பாத்து முதல்ல ஒரு சந்தேகம் வரட்டும், அதுக்குப் பதில் தேடி பசங்களே புத்தகத்துக்கு வரட்டும். நான் டீச்சரா இருந்த காலத்துல அப்படி வந்த பசங்கதான் தொடர்ந்து படிச்சாங்க.

முளைக்கீரையில ஆரம்பிங்க, 25 நாள்ல பறிச்சிடலாம், அந்த வயசுப் பிள்ளைங்க அவ்வளவு நாள்தான் காத்திருப்பாங்க. பக்கத்துல செடி வளர்க்கற பை ரெண்டுல தட்டைப்பயறு போடுங்க, விதையை ஆறின கஞ்சியில ரைசோபியம்ங்கற பாக்டீரியா உரத்தைக் கலந்து புரட்டி எடுத்து ஊனணும். ஒரு மாசம் கழிச்சு ஒரு செடியை வேரோட எடுத்து தண்ணியில அலசிப் பாத்தா சின்னச் சின்ன முடிச்சு இருக்கும், அதை நகத்தால கிள்ளும்போது உள்ள இளஞ்சிவப்பா தெரிஞ்சா அங்க இருக்கற பாக்டீரியா காத்துல உள்ள நைட்ரஜனை செடிக்கு ஏத்த மாதிரி மாத்திட்டு இருக்குன்னு அர்த்தம். மனப்பாடம் பண்ணி எழுதின ஒரு வார்த்தையை கையில பிடிச்சுப் பாத்த பிள்ளை அன்னைக்கே அந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்துப் படிக்கும், நான் பாத்திருக்கேன்.

தமிழுக்கு சங்க இலக்கியத்துல வர்ற குறிஞ்சிப்பாட்டை எடுங்க. கபிலர் 99 பூவை வரிசையா சொல்லிட்டே போவாரு, கிளாஸ்ல உக்காந்து வாசிச்சா பசங்க தூங்கிடுவாங்க. ஆனா அதுல வர்ற கருவிளை நம்ம நீல சங்குப்பூ, செருவிளை வெள்ளை சங்குப்பூ, வெட்சின்னா ஃப்ளாட் வாசல்ல எல்லாம் நிக்குதே அந்த இட்லிப்பூ! கொன்றையும் உண்டு. சங்குப்பூ ரெண்டு கலரையும் மாடியிலயே படர விடுங்க, மத்ததை தெருவுலயும் கோயில்லயும் பார்க்லயும் தேடச் சொல்லுங்க. எங்க கிளாஸ்ல வாயே திறக்காத ஒரு பையன், பாட்டுக்கு அர்த்தம் சொல்ற உரைநூலைப் புரட்டிப் புரட்டிப் பாத்து அதுலயும் தெரியாததை பூக்கார அம்மாகிட்ட கேட்டு எழுதிட்டு வந்தான், இப்ப நினைச்சாலும் சந்தோஷமா இருக்கு.

ஒன்பதாவது வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கற பிள்ளைங்க இருப்பாங்க. அவங்களை எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிக்கச் சொல்லாதீங்க. விதை பாக்கெட்டுல என்ன போட்டிருக்குன்னு கேளுங்க, தினமும் தோட்டத்துல பாத்ததை ரெண்டு வரி நோட்டுல எழுதச் சொல்லுங்க, தான் எழுதினதை தானே வாசிக்கறதுல அவங்களுக்கு பயம் இருக்காது. தயவுசெஞ்சு இதுக்கு மார்க் போடாதீங்க, மார்க்னு வந்துட்டா கடையில கீரை வாங்கி நட்டு வெச்சிடுவாங்க.

ஈர மண்ணு ரொம்ப கனம், அதனால மாடி தாங்குமான்னு ஒரு இன்ஜினியர்கிட்ட முதல்ல கேட்டுக்கோங்க. ஆடியில விதைங்க, ஐப்பசி மழையில தண்ணி தேங்காம பைக்கு அடியில ஓட்டை இருக்கணும். ஏப்ரல், மே லீவுல ஊத்த ஆள் இல்லன்னா மார்ச்சோட முடிச்சுக்கறது நல்லது.

கேள்வி: பதினொன்னாவது படிக்கற என் பையனை ஸ்கூல்ல மண்ணு கிளற வைக்கறாங்க. படிப்பு கெடாதா?
– ஒரு அம்மா, அம்பத்தூர்

பதில்: வாரத்துக்கு ஒரு பீரியட்தானேம்மா, கெடாது. நாள் முழுக்க பெஞ்சுலயும் சாயங்காலம் டியூஷன்லயும் உக்காந்திருக்கற பிள்ளை அது, கொஞ்சம் வெயில் படட்டும். ராத்திரி சாப்பிடும்போது "இன்னைக்கு செடி எப்படி இருக்குப்பா"ன்னு கேளுங்க. பூச்சி வந்திருக்குன்னு சொன்னான்னா, என்ன பூச்சின்னு ரெண்டு பேரும் சேர்ந்து தேடிப் படிங்க.