சாப்பிடும் முன்பே காசு கேட்டார்களா? விடாதீர்கள்

சகோ, லண்டன் உணவகத்தில் உங்களிடமும் அம்மாவிடமும் மட்டும் சாப்பிடும் முன்பே பணம் கேட்டார்கள், பக்கத்து மேசை வெள்ளைக்காரர்களிடம் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் வயிறு எரிந்தது. பர்மிங்காமில் எனக்கும் இதே கதைதான். மெனு வருமுன்னே கார்டு மெஷின் வந்தது. என் மகள் தலை குனிந்தபடி நாப்கினை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"நாங்கள்தான் பெரிதுபடுத்துகிறோமோ" என்று கேட்டீர்களே, இல்லவே இல்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டப்படி இனம், நிறம் காரணமாக வாடிக்கையாளரை மோசமாக நடத்துவது சட்டவிரோதம்.

முதலில் சிசிடிவி. பல இடங்களில் சில வாரங்களில் பழைய பதிவு அழிந்துவிடும். தேதி, நேரம், உட்கார்ந்த இடம், போட்டிருந்த உடை எல்லாம் எழுதி, நீங்கள் இருக்கும் பதிவைக் கேட்டு இன்றே உணவகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பணம் கட்டிய நேரம் அதில் இருக்கும்.

வழக்கென்றால் சிவில் வழக்குகளை விசாரிக்கும் கவுன்டி நீதிமன்றம். நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் அவகாசம். அதற்கு முன் பாகுபாடு பற்றி ஆலோசனை தரும் ஈக்வாலிட்டி அட்வைசரி அண்ட் சப்போர்ட் சர்வீஸ் என்ற உதவிச் சேவைக்குப் பேசுங்கள், இலவசம்தான்.

அம்மாவுக்கு நினைவிருப்பதை அவர் வார்த்தையிலேயே இன்றிரவு எழுதி வையுங்கள்.