ராடு போட்டுப் பிடிக்கும் மீனைக் கணக்கெடுப்பது எப்படி?

கேள்வி: குளச்சல், முட்டம் பக்கம் தூண்டில் வளைவுகளில் (கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளில்) பொழுதுபோக்காக ராடு, அதாவது தூண்டில் கம்பு, போடுகிறோம். மாதம் எவ்வளவு மீன் கிடைக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக் கூட்டினோம். அந்தக் கணக்கு சரிதானா? வெளிநாட்டில் சால்மன் மீனுக்கு எப்படிச் செய்கிறார்கள்?

பதில்: அதை நம்ப வேண்டாம். பாரையோ கலவாவோ கிடைத்தவர் படத்தோடு பதில் போடுவார். காலை முழுக்க நின்று வெறுங்கையோடு போனவர் பேசாமல் இருந்துவிடுவார். வந்த பதிலை வைத்து ஆளுக்கு எத்தனை மீன் என்று பார்த்தால் பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சிறு விமானத்தில் பறந்து சால்மன் பிடிக்கும் படகுகளை எண்ணுகிறார்கள். கரை திரும்புபவரிடம் எத்தனை மீன் என்று படகுத் துறையில் கேட்கிறார்கள். இரண்டையும் பெருக்கினால் மொத்தம். 2012 முதல் உரிமம் வாங்கியவர்களில் சிலரைக் குலுக்கலில் எடுத்து இணையத்திலும் கேட்கிறார்கள். கேட்கும் மாதத்தில் மீன் பிடிக்கவே போகாதவரும் பதில் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு விமானம் வேண்டாம், வளைவில் நடந்தே எண்ணலாம். எண்ணப் போகும் நாளையும் நேரத்தையும் சீட்டுக் குலுக்கி எடுங்கள். எண்ணும்போது சராசரியாக 12 ராடு, பகலில் 10 மணி நேரம் என்றால் 120 ராடு-மணி (ஒரு ராடு ஒரு மணி நேரம் நின்றால் ஒரு ராடு-மணி). வீடு திரும்பும் 10 பேர் சேர்ந்து 25 மணி நேரம் நின்று 15 மீன் பிடித்திருந்தால் மணிக்கு 0.6. அன்றைய பிடிப்பு சுமார் 72 மீன்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி விகிதம் போட்டுச் சராசரி எடுக்காதீர்கள். பத்தே நிமிடத்தில் ஒரு மீனோடு கிளம்பியவர் கணக்கில் மணிக்கு 6 ஆகிவிடுவார்! மொத்த மீனை மொத்த மணியால் வகுங்கள். நடுவில் போய்க் கேட்டால் நெடுநேரம் நிற்பவரே அதிகம் மாட்டுவார். அதனால் வளைவு தொடங்கும் இடத்தில் நின்று, கிளம்புபவரிடம் கேளுங்கள். திரும்ப விட்ட மீனைத் தனியாக எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காதவருக்குப் பூச்சியம் கட்டாயம் போடுங்கள்.

அப்புறம், ஞாயிறை மற்ற நாளோடு கலக்க வேண்டாம். நம் கடற்கரை ஊர்களில் மீனவர்கள் அன்று கடலுக்குப் போவதில்லை, உங்கள் கூட்டமோ அன்றுதான் அதிகம். ஆனி, ஆடியில் கடல் சீறும்போது வளைவில் ஆளே நிற்க முடியாது. அந்த மாதங்களுக்கும் தனிக் கணக்கு வையுங்கள்.