டிராக்டர் ஸ்பிரேயர்ல ஒரு ஏக்கருக்கு எத்தன டேங்க் மருந்து அடிக்கணும்?

புதுசா வண்டியில மாட்டற ஸ்பிரேயர் வாங்கிட்டு கேக்கறீங்கன்னு நெனைக்கறேன். வித்தவங்க "ஓட்ட ஓட்ட பழகிடும்"னு சொல்லி அனுப்பியிருப்பாங்க, எனக்கும் அதான் சொன்னாங்க, அதனாலதான் எழுதறேன். நான் வேளாண்மை படிச்சவன் கிடையாது, குறிஞ்சிப்பாடி பக்கம் மல்லாட்ட (நிலக்கடலை) போடறவன், தப்பிருந்தா படிச்சவங்க திருத்துங்க, ஆனா ட்ரோன்ல அடிக்கலாமேன்னு மட்டும் சொல்லாதீங்க, இருக்கற மெஷினுக்கே இன்னும் கடன் கட்டிட்டிருக்கேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி மல்லாட்ட 20 நாள் பயிரா இருக்கறப்ப களைக்கொல்லி அடிச்சோம். ஒரு வாரம் கழிச்சு வரப்புல நின்னு பாத்தா வயல் நெடுக கோடு கோடா இருக்கு, ஒரு கோட்டுல செடி மஞ்சளா குறுகிப்போச்சு, மூணு முழம் தள்ளி இன்னொரு கோட்டுல களை பச்சப்பசேல்னு நிக்குது. மருந்து டூப்ளிகேட்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். அப்புறம் டேங்க்ல வெறும் தண்ணி ஊத்தி ஒவ்வொரு நாசிலுக்கு (மருந்து பீச்சற முனை) கீழயும் ஜக்க வச்சு ஒரு நிமிஷம் புடிச்சா, பத்து நாசில் தலைக்கு ஒரு லிட்டர் குடுக்குது, நாலாவது 1300 மில்லி, ஏழாவது 600. அந்த நாலாவது அடைச்சப்ப ஊக்க விட்டு குத்தினது நான்தான். இன்னொரு தடவ பூச்சி மருந்து அடிக்கறப்ப சித்தப்பா நாசில கழட்டி வாயில வச்சு ஊதிட்டாரு, ராத்திரியெல்லாம் வாந்தி, கடலூருக்கு தூக்கிட்டு ஓடினோம். பழைய டூத் பிரஷ் போதும்ங்க, கையுறை போட்டுக்கிட்டு தேச்சு கழுவுங்க. புது நாசில் குடுக்கறத விட பத்துல ஒரு பங்கு கூட வந்தா தூக்கிப் போட்டுடுங்க.

அப்புறம் வயல்லயே 100 மீட்டர் அளந்து குச்சி நட்டு, பாதி டேங்க் தண்ணியோட, மருந்து அடிக்கற அதே கியர் அதே ஆக்சிலேட்டர்ல ஓட்டி செகண்ட் பாருங்க, மொத குச்சிய தாண்டறப்பவே வண்டி வேகம் புடிச்சிருக்கணும். எங்களுக்கு 72 செகண்ட், மணிக்கு 5 கிலோமீட்டர். 12 நாசில், அரை மீட்டருக்கு ஒண்ணு, ஆக 6 மீட்டர் அகலம். ஏக்கர் 4047 சதுர மீட்டர், அப்ப 675 மீட்டர் ஓடணும், எட்டு நிமிஷத்துக்கு மேல கொஞ்சம் ஆகுது, சரியான நாசில் 12ம் சேந்து நிமிஷத்துக்கு 12 லிட்டர்னா ஏக்கருக்கு 97 லிட்டர். 400 லிட்டர் டேங்க்னா நாலு ஏக்கருக்கான மருந்துதான் அதுல ஊத்தணும். ஆக்சிலேட்டர மாத்தாம சின்ன கியர்ல வேகத்த பாதியாக்கினா அதே எடத்துல ரெண்டு மடங்கு மருந்து விழும், வண்டி திரும்பற எடத்துல மருந்து வர்றத மூடிடுங்க.

இதுல எங்க ஊர் கஷ்டம் ஒண்ணு இருக்கு. எங்களுக்கு காணிக் கணக்கு, காணின்னா 100 குழி, 1.32 ஏக்கர். மருந்து பாட்டில்ல ஹெக்டேர்னு எறும்பு எழுத்துல போட்டிருக்கான், கடையில ஏக்கருக்கு இவ்வளவுன்னு வாயால சொல்றாங்க, கேக்கற ஆளு காணிக்குன்னு நெனச்சுக்கறாரு, இத ஒரு ஆளு உக்காந்து எங்களுக்கு சொல்லித் தரல. ஆனா மல்லாட்டய விக்கப் போனா ஈரப்பதம்னு சொல்லி மூட்டைக்கு மூட்ட கழிக்கறாங்க, அங்க மட்டும் கணக்கு துல்லியமா வருது.

எங்க டேங்க் மேல 72 செகண்ட், 97 லிட்டர்னு பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கேன். உங்க வண்டிக்கு வேற நம்பர் வரும், நாசில் மாத்தினா திரும்பவும் புடிச்சுப் பாருங்க.