பொன்னியின் செல்வன் ஒன்றா, ஐந்தா?

அன்புள்ள சார்,

தோழிகள் பதினோரு பேர் சேர்ந்து ஆண்டுக்கு ஐம்பது புத்தகம் என்று ஜனவரியில் ஒரு வாசிப்புச் சவால் தொடங்கினோம். முடித்ததும் அட்டையைப் படமெடுத்து, பத்து வரிக் குறிப்போடு வாட்ஸப் குழுவில் போட வேண்டும். இப்போது செப்டம்பர். நான் பத்தொன்பதில் நிற்கிறேன். ஒருத்தி நாற்பத்தெட்டு. போன வாரம் பொன்னியின் செல்வன் ஒரு புத்தகமா, ஐந்தா என்று குழுவில் பெரிய சண்டை. எண்ணிக்கையை ஏற்ற நானும் நூறு பக்கத்துக்குள் முடிகிற புத்தகமாகத் தேடுகிறேன். படிப்பதே சுமையாகிவிட்டது. விலகிவிடலாமா?

வி., திருச்சி

அன்புள்ள வி.,

விலக வேண்டாம். ஐம்பதைத் தூக்கிப் போடுங்கள், போதும்.

முதலில் சண்டைக்கு என் தீர்ப்பு: ஐந்து. ஐந்து பாகத்துக்கும் நூறு பக்கக் குறுநாவலுக்கும் ஒரே மார்க் என்றால் தடித்த புத்தகத்தை யார் தொடுவார்கள்? சரி, பக்கத்தை எண்ணலாம் என்றால் கவிதைத் தொகுப்பு பாவம்.

சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு சவாலில் சேர்ந்தேன். அங்கே கணக்கு மணியில். ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம். கேட்க லேசாக இருந்தது. வகுத்துப் பார்த்தால் தினம் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம்; தீபாவளி, காய்ச்சல் எதற்கும் லீவு கிடையாது. சமையலறைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே நிமிடங்களைக் குறித்து வந்தேன். முதல் மாதம் பொய்க்கணக்கும் எழுதினேன். புத்தகம் மடியில், கண் செல்போனில், அதுவும் நாற்பது நிமிடம். கடைசியில் அறுநூற்றுச் சொச்சத்தோடு நின்றுபோனேன்.

அந்தக் குழுவில் ஒரு மதுரைக்காரர் இருந்தார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை முடித்துவிட்டேன் என்று நான் பெருமையாகக் குறிப்புப் போட்ட அன்று ராத்திரி ஒன்பதரைக்கு அவரிடமிருந்து போன். “தம்பி, கடல் தாண்டிப் போய் உக்காந்துக்கிட்டு நம்மூர்த் தெருவை நெனைக்கிறானே, அந்த எடம் எப்படி இருந்துச்சு?”

அந்தப் பக்கங்களை நான் விரலால் தள்ளியிருந்தேன். இரண்டாம் உலகப் போர், மெடான், பினாங்கு என்று கதை பறக்கும்போது நடுவில் மதுரை எதற்கு என்கிற அவசரம். “நல்லா இருந்துச்சுண்ணே” என்றேன். அவர் பதில் பேசவில்லை. கண்ணாடியைத் தேடுகிற சத்தம் கேட்டது, அப்புறம் தாள் புரள்கிற சத்தம். வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தார். திரும்பிப் போக வழியில்லாதவனுக்கு ஊர் எப்படி நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு வரும் என்பது எனக்கு அன்றைக்குக் காது வழியாகத்தான் வந்து சேர்ந்தது. மறுநாள் முதல் பக்கத்திலிருந்து திரும்ப எடுத்தேன். மணிக்கணக்கில் இது ஒரு வசதி, இரண்டாம் தடவையும் கணக்கில் சேரும்.

உங்கள் பொன்னியின் செல்வனுக்கே வருகிறேன். ‘கல்கி’யில் 1950இல் தொடங்கி மூன்றரை வருடம் வாராவாரம் வந்த தொடர் அது. யாரும் யாரையும் முந்த முடியாது. நாற்பத்தெட்டாரும் பத்தொன்பதாரும் ஒரே அத்தியாயத்தில் நின்று அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த ஏழு நாளும் பேச்சுக்கு இருந்தது.

குழுவில் இதைச் சொல்லிப் பாருங்கள். மிச்சமுள்ள மூன்று மாதமும் மாதத்துக்கு ஒரே புத்தகம், பதினோரு பேருக்கும் அதே புத்தகம். பத்து வரிக் குறிப்பு வேண்டாம். பிடித்த ஒரு பக்கத்தை அவரவர் வாசித்துக் குரல்பதிவாகப் போடட்டும். அட்டையைப் படமெடுக்கப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாமே! நாற்பத்தெட்டுத் தோழியைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. அப்படி வேகமாகப் படிக்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல், அவ்வளவுதான்.

அப்புறம், படித்த பத்தொன்பதில் எது பிடித்தது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை எழுதுங்கள்.